முன்னும் பின்னும் போனால் நின்ற இடம்தான்!

(நுண்ணுயிர்கள் எப்படி நீந்துகின்றன? ஒரு மெக்கானிக்கல் மாணவனின் விளக்கம்)



ஆண்டு மலர் என்றாலே மெக்கானிக்கல்காரன் இஞ்சினைப் பற்றி எழுதுவான், சிவில்காரன் அணையைப் பற்றி எழுதுவான் என்பது நம் பேரவையில் எழுதப்படாத சட்டம். இந்தத் தடவை நான் பாக்டீரியாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் ஹாஸ்டல் அறை நண்பன் சிரித்துவிட்டான். “ஏண்டா, கிருமியைப் பத்தி எழுத நீ என்ன டாக்டரா?” என்று கேட்டான். நான் டாக்டர் இல்லை. ஆனால் கிருமியிடம் மோட்டார் இருக்கிறது, ஷாஃப்ட் இருக்கிறது, புஷ் இருக்கிறது, யுனிவர்சல் ஜாயிண்ட் இருக்கிறது. இத்தனையும் வைத்துக்கொண்டு அது தண்ணீரில் நீந்துகிறது. இது நம் சப்ஜெக்ட் இல்லாமல் வேறு யாருடைய சப்ஜெக்ட்?

கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்குத் தெரியும். சுவரைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டுச் சும்மா இருந்தாலே உடம்பு நாலைந்து அடி தானாக வழுக்கிக்கொண்டு போகும். பாக்டீரியாவுக்கு அந்தச் சுகம் கிடையாது. அது நீந்துவதை நிறுத்திய மறுகணமே நின்றுவிடும். நமக்கும் அதற்கும் தண்ணீர் ஒன்றுதான். ஆனால் நாம் அறிந்த நீச்சல் எதுவும் அங்கே செல்லாது. ஏன்?

ரெனால்ட்ஸ் எண் சொல்லும் சேதி

ஹைட்ராலிக்ஸ் லேபில் கண்ணாடிக் குழாய்க்குள் சாயத்தை ஒரு நூல் போல ஓடவிட்டு, வால்வைத் திறக்கத் திறக்க அது கலைந்து சிதறுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883ல் வெளியிட்ட சோதனைதான் அது. குழாயில் 2000க்குக் கீழே சீரான ஓட்டம், அதற்கு மேலே போனால் கலங்கல் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதோடு நாம் அந்த எண்ணை மறந்துவிடுகிறோம்.

உண்மையில் அந்த எண் ஒரு பஞ்சாயத்துத் தீர்ப்பு. ஓடிக்கொண்டிருக்கும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். இது நிலைமம். திரவத்தின் பாகுத்தன்மை அதை இழுத்துப் பிடிக்கப் பார்க்கும். இரண்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைத்தான் ரெனால்ட்ஸ் எண் சொல்கிறது. அடர்த்தி, வேகம், நீளம் மூன்றையும் பெருக்கிப் பாகுத்தன்மையால் வகுத்தால் விடை வந்துவிடும்.

ஒரு மனிதன் நீந்தும்போது இந்த எண் சுமார் 10 லட்சம். நிலைமத்தின் கைதான் ஓங்கி நிற்கிறது. அதனால்தான் உதைத்துவிட்டு வழுக்க முடிகிறது. நம் குடலில் வாழும் ஈ கோலி பாக்டீரியாவின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். அதாவது மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. நொடிக்கு 30 மைக்ரோமீட்டர் வேகத்தில் அது போவதாக வைத்துக்கொண்டால் ரெனால்ட்ஸ் எண் 0.00006. இங்கே பாகுத்தன்மை வைத்ததுதான் சட்டம். நிலைமத்துக்கு வாயே கிடையாது.

இந்த எண் நம் மனதில் பதிய நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரணத் தண்ணீரில் ஒரு மனிதனுக்கு 0.00006 என்ற எண் வர வேண்டுமானால் அவன் எவ்வளவு வேகத்தில் நீந்த வேண்டும்? விடை: வருஷத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்! கால்குலேட்டரை இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன். சரிதான்.

நிற்க எவ்வளவு தூரம்?

பஸ் டிரைவர் பிரேக் போட்டால் வண்டி நிற்கச் சிறிது தூரம் ஆகும். பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆகும்? நமக்குத் தெரிந்த ஸ்டோக்ஸ் விதியே போதும். ஸ்டோக்ஸ் 1851ல் தந்த இந்த விதிப்படி, உருண்டைமேல் திரவம் தரும் தடை விசை = 6 × பை × பாகுத்தன்மை × ஆரம் × வேகம்.

பாக்டீரியாவை 1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள தண்ணீர் உருண்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை ஆஃப் செய்தால் அது நொடியில் 45 லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் வேகத்தின் பெரும்பகுதியை இழந்துவிடும். அதற்குள் அது நகரும் தூரம் ஒரு ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதைவிட நல்ல பிரேக்கை எந்தக் கம்பெனியும் செய்ய முடியாது!

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. அந்த உலகத்தில் திரவத்துக்கு ஞாபகசக்தி இல்லை. இந்தக் கணத்தில் தள்ளினால் இந்தக் கணத்தில் நகரும். போன கணத்தில் எவ்வளவு வேகமாகத் தள்ளினோம் என்பது கணக்கிலேயே வராது.

இரண்டு டம்ளர், கொஞ்சம் கிளிசரின்

இதைக் கண்ணால் பார்க்க மைக்ரோஸ்கோப் வேண்டியதில்லை. நீளத்தைக் குறைப்பதற்குப் பதிலாகப் பாகுத்தன்மையைக் கூட்டினால் ரெனால்ட்ஸ் எண் தானாக இறங்கிவிடும். தண்ணீரைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பாகுத்தன்மை உள்ள கிளிசரின் மருந்துக் கடையில் கிடைக்கிறது.

ஓர் அகலமான கண்ணாடி டம்ளருக்குள் ஒல்லியான டம்ளர் ஒன்றை நடுவில் நிறுத்துங்கள். இடைவெளியில் கிளிசரினை ஊற்றுங்கள். கொஞ்சம் கிளிசரினில் இங்க் கலந்து, சிரிஞ்சால் ஒரு சொட்டை இடைவெளியின் நடுவே வையுங்கள். இப்போது உள் டம்ளரை, நடு அச்சு நகராமல், மெதுவாக மூன்று சுற்றுச் சுற்றுங்கள். சொட்டு இழுபட்டு வளையமாகி மறைந்துபோகும். “கலந்துடுச்சு, அவ்வளவுதான்” என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். அதே மூன்று சுற்றை எதிர்த் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். போன சொட்டு திரும்பி வந்து பழைய இடத்தில் நிற்கும்! ஓரங்கள் மட்டும் கொஞ்சம் மங்கலாக இருக்கும்.

நாங்கள் லேபில் இதைச் செய்தபோது அட்டெண்டர் அண்ணன், “தம்பி, இதுல ஏதாச்சும் மேஜிக் இருக்கா?” என்று உள் டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். இங்கிலாந்து விஞ்ஞானி ஜி. ஐ. டெய்லர் 1960களில் ஒரு கல்விப் படத்தில் செய்துகாட்டிப் புகழ்பெற்ற சோதனை இது. முன்னே போனதை அப்படியே பின்னே எடுத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பதுதான் இதன் பாடம்.

சிப்பியின் சங்கடம்

கடலில் வாழும் ஒரு வகைச் சிப்பி தன் இரண்டு ஓடுகளையும் மெதுவாகத் திறக்கும். பிறகு படாரென்று மூடும். தண்ணீர் பீய்ச்சி அடிக்க, சிப்பி துள்ளிப் போகும். திறப்பது மெதுவாக, மூடுவது வேகமாக. இந்த வேக வித்தியாசத்தில்தான் அதன் பிழைப்பு ஓடுகிறது.

அந்தச் சிப்பியைப் பாக்டீரியா அளவுக்குச் சுருக்கினால் என்ன ஆகும்? மூடும்போது கொஞ்சம் முன்னே போகும். திறக்கும்போது சரியாக அதே அளவு பின்னே வரும். எவ்வளவு வேகமாக மூடினாலும், எவ்வளவு மெதுவாகத் திறந்தாலும் பலன் பூஜ்யம். ஒரே ஒரு கீல் உள்ள எந்த ஜந்துவுக்கும் இதுதான் கதி. 1952ல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்ற ஹார்வர்டு பேராசிரியர் எட்வர்ட் பர்செல் 1976ல் ஆற்றிய உரையில் இதை அழகாக விளக்கினார். மறு ஆண்டு அச்சில் வந்த அந்த உரை இந்தத் துறைக்கே அரிச்சுவடி ஆகிவிட்டது. இந்த விதிக்குச் ‘சிப்பித் தேற்றம்’ என்றே பெயர்.

அப்படியானால் நுண்ணுயிர் நீந்த என்ன வழி? போன வழியே திரும்பி வரக் கூடாது. சுற்றி வர வேண்டும்! அசைவை ஒரு படமாக எடுத்துத் தலைகீழாக ஓட்டினால் வேறு மாதிரி தெரிய வேண்டும். துடுப்பு போடும் கை போகும்போது ஓர் உருவம், வரும்போது வேறோர் உருவம் எடுக்க வேண்டும். இல்லையென்றால் திருகாணி போல ஒரே திசையில் சுழல வேண்டும்.

திருகுவதால் முன்னே தள்ளும் விசை எப்படி வருகிறது? விளக்கெண்ணெய் நிறைந்த ஜாடியில் ஒரு மெல்லிய கம்பித் துண்டைப் போட்டுப் பாருங்கள். நெட்டுக்குத்தாக விழும் கம்பி, படுக்கையாக விழும் கம்பியைவிட வேகமாக இறங்கும். கம்பி எவ்வளவு மெலிதோ அவ்வளவுக்கு இந்த வித்தியாசம் இரண்டு மடங்கை நெருங்கும். சாய்வாகப் போட்டால் கம்பி நேரே கீழே இறங்காது. பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே இறங்கும். கீழே இழுத்தால் பக்கத்தில் போகிறது, கவனித்தீர்களா? திருகு வடிவ வாலின் ஒவ்வொரு துண்டும் இப்படிச் சாய்ந்த கம்பிதான். வாலைச் சுழற்றினால் ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் முன்னே வழுக்கும். எல்லாத் துண்டும் சேர்ந்து பாக்டீரியாவை முன்னே தள்ளிவிடும்.

மிகச் சிறிய ஒரு மோட்டார்

ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்த லீவன்ஹூக் 1676ல் தன் கையால் தேய்த்த லென்ஸ் வழியே நீந்தும் நுண்ணுயிர்களைக் கண்டு எழுதினார். ஆனால் பாக்டீரியாவின் வால் சவுக்கு போல வளைகிறதா, இல்லை உண்மையிலேயே சுழல்கிறதா என்பது தெரிய 300 வருஷம் ஆயிற்று! 1973ல் ஹோவர்டு பெர்க், ராபர்ட் ஆண்டர்சன் இருவரும் அது சுழல்கிறது என்று வாதிட்டார்கள். 1974ல் சில்வர்மன், சைமன் இருவரும் வாலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டவைத்தார்கள். வால் நகர முடியாததால் பாக்டீரியாவின் உடல் ராட்டினம் போலச் சுற்றியது. சந்தேகம் தீர்ந்தது.

மோட்டாரின் விட்டம் சுமார் 45 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் இருபதாயிரத்துக்கு மேல் வரிசையாக வைக்கலாம். அதில் ரோட்டார் உண்டு, ஸ்டேட்டர் உண்டு. சவ்வைத் துளைத்து வரும் ஷாஃப்டுக்குப் புஷ் போல வளையங்கள் உண்டு. ஷாஃப்டையும் வாலையும் இணைக்க வளைந்துகொடுக்கும் கொக்கி ஒன்று உண்டு. நம் பாஷையில் யுனிவர்சல் ஜாயிண்ட். மின்சாரத்துக்குப் பதிலாக, வெளியிலிருந்து உள்ளே பாயும் புரோட்டான்களால் அது ஓடுகிறது. வேகம் நொடிக்குச் சுமார் 100 சுற்று, அதாவது 6000 ஆர்.பி.எம். நம் மெஷின் ஷாப் இண்டக்‌ஷன் மோட்டார் 1440தான்.

ஈ கோலியின் மோட்டார்கள் இடஞ்சுழியாகச் சுற்றும்போது வால்கள் எல்லாம் சேர்ந்து ஒரே கற்றையாகி உடலைத் தள்ளும். சுமார் 1 நொடி ஓட்டம். வலஞ்சுழியாக மாறினால் கற்றை பிரிந்து, உடல் குட்டிக்கரணம் போடும். அதற்குப் பத்தில் ஒரு நொடி. பிறகு வேறு திசையில் மறுபடி ஓட்டம். சில நொடிக்கு முன்பு இருந்ததைவிட இப்போது உணவு கூடியிருந்தால் குட்டிக்கரணத்தைத் தள்ளிப்போடும். ஸ்டீரிங் இல்லாத வண்டி ஊர் போய்ச் சேரும் வித்தை இதுதான்.

நம் உடம்பிலும் இதே கணக்கு

“சரிப்பா, கிருமி எப்படி நீந்தினால் எனக்கென்ன?” என்று கேட்பவர்களுக்காக இந்தப் பகுதி.

நம் மூச்சுக்குழாயின் உட்சுவர் முழுக்கக் கோடிக்கணக்கான நுண்மயிர்கள் இருக்கின்றன. சிலியா என்று பெயர். ஒவ்வொன்றும் நொடிக்குப் பத்து தடவைக்கு மேல் துடிக்கிறது. தள்ளும்போது விறைப்பாக நிமிர்ந்து தள்ளும். திரும்பும்போது வளைந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு வரும். போன வழியே திரும்பாததால்தான் தூசியும் கிருமியும் ஒட்டிய சளி மேல்நோக்கி வருகிறது. சிகரெட் புகை இந்தச் சிலியாவைக் குட்டையாக்கிக் கெடுக்கிறது. ஹாஸ்டல் மாடியில் புகைக்கும் நண்பர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

ஆணின் விந்தணு சுமார் 50 மைக்ரோமீட்டர் நீளம். அதன் வால் அலை அலையாக வளைந்து தள்ளுகிறது. பரிசோதனைச் சாலையில் விந்தணுக்களை மூன்றாகப் பிரித்து எண்ணுவார்கள். முன்னேறிப் போகிறவை, இருந்த இடத்திலேயே துடிப்பவை, அசையாதவை. துடிப்பை எல்லாம் நீச்சலாக எடுத்துக்கொள்வதில்லை! குழந்தை இல்லாத வீட்டில் முதலில் யாரைக் கைகாட்டுகிறோம்? மருமகளைத்தானே? குறை ஆணிடம் இருக்கும் சந்தர்ப்பமும் நிறையவே உண்டு. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயத்துக்காக ஒரு பெண்ணை ஆண்டுக்கணக்கில் கோயில் கோயிலாகச் சுற்றவிட்டு ஏச்சும் கேட்க வைப்பது என்ன நியாயம்?

இந்த இரண்டு விஷயமும் ஒன்றோடொன்று சேர்ந்தது என்பதை 1976ல் சுவீடன் விஞ்ஞானி அஃப்ஸேலியஸ் காட்டினார். சில ஆண்களுக்குச் சின்ன வயதிலிருந்தே ஓயாத சளித் தொல்லை, விந்தணுவும் அசையாது. மூச்சுக்குழாய் மயிரையும் விந்தணு வாலையும் அசைக்கும் புரத இயந்திரம் ஒன்றே. அதில் டைனீன் என்ற கை இல்லாததுதான் காரணம். ஆனால் இன்னொரு புதிர் இருந்தது. இவர்களில் பாதிப் பேருக்கு இதயம் வலப்பக்கம் இருந்தது!

சளிக்கும் இதயம் இருக்கும் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? 1998ல் ஜப்பானில் எலிக் கருவை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் விடை கிடைத்தது. கரு மிகச் சிறியதாக இருக்கும்போது அதில் உள்ள ஒரு குழியில் சிலியாக்கள் சுழல்கின்றன. அவை நேராக நிற்பதில்லை, வால் பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. வலப்பக்கம் வரும்போது சுவரை உரசினாற்போல வருவதால் திரவம் அதிகம் நகராது. இடப்பக்கம் போகும்போது சுவரிலிருந்து எழும்பிப் போவதால் திரவத்தை நன்றாகத் தள்ளும். ஆக, மொத்த ஓட்டம் இடப்பக்கம். ‘இதுதான் இடது’ என்று கருவுக்கு முதலில் சொல்வது இந்தச் சிறு ஓட்டம்தான். ஓட்டம் இல்லாவிட்டால் காசு சுண்டிப் போட்ட கதை, பாதிக்குப் பாதி. 2002ல் விஞ்ஞானிகள் செயற்கையாக எதிர்த் திசையில் ஓட்டத்தைச் செலுத்தியபோது எலிக் கருவின் இடமும் வலமும் மாறிப்போயின!

உங்கள் நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள். அந்தத் துடிப்பு இடப்பக்கம் கேட்பதற்குப் பின்னால் ஒரு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் கணக்கு இருக்கிறது.

மனிதன் செய்த நீச்சல்காரர்கள்

இவ்வளவும் தெரிந்த பிறகு இஞ்சினியர்கள் சும்மா இருப்பார்களா? 2004ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2 மைக்ரோமீட்டர் நீளக் கம்பி ஒன்று செய்தார்கள். பாதி தங்கம், பாதி பிளாட்டினம். ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த தண்ணீரில் போட்டதும் அது பிளாட்டினம் முனை முன்னே இருக்கத் தானாக ஓடியது. வேகம் நொடிக்குத் தன் நீளத்தைப்போல 10 மடங்கு வரை. இதற்கு வாலும் இல்லை, கீலும் இல்லை. இரு முனைகளிலும் வேறு வேறு ரசாயன மாற்றம் நடப்பதால் மேற்பரப்பை ஒட்டிய திரவம் ஒரு பக்கமாக இழுபடுகிறது. உடலை அசைக்காமலே நீந்துவதால் சிப்பித் தேற்றம் இதைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் இன்னொரு தொல்லை உண்டு. தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் இடிப்பதால் இவ்வளவு சின்னப் பொருள் சில நொடிகளிலேயே திசை மாறிவிடும். மேலும், பெராக்சைடை ரத்தத்தில் ஊற்ற முடியுமா?

அதனால் வேறு வழி தேடினார்கள். 2009ல் ஹார்வர்டில் அம்பரீஷ் கோஷ், பீர் ஃபிஷர் இருவரும் கண்ணாடியில் மிக நுண்ணிய திருகாணி செய்து, காந்தப் பொருள் பூசி, வெளியிலிருந்து சுழலும் காந்தப் புலத்தால் திருகி ஓட்டினார்கள். இதற்குத் திசையும் நாம் சொன்னதுதான். கோஷ் பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஆனார். அங்கே இருந்து 2022ல் வந்த செய்தி: பிடுங்கிய பல்லின் உள்ளே இருக்கும் நுண்குழாய்களுக்குள் இப்படிப்பட்ட திருகாணிகளைச் செலுத்தி, சூடேற்றி, ஒளிந்திருக்கும் பாக்டீரியாவைக் கொன்றிருக்கிறார்கள். வேர் சிகிச்சை செய்த பல் மறுபடி வலிப்பதற்கு இந்த ஒளிந்த கிருமி ஒரு காரணம். உயிருள்ள நோயாளிக்கு மருந்து சுமக்கும் நாள் வர இன்னும் நிறைய வேலை இருக்கிறது. ஆனால் வாசல் திறந்துவிட்டது.

சிப்பிக்கும் ஒரு விமோசனம் கிடைத்தது. 2014ல் ஜெர்மனியில் ஃபிஷர் குழு மில்லிமீட்டருக்கும் சிறிய செயற்கைச் சிப்பியை நீந்த வைத்தது. எப்படி? தேற்றம் தண்ணீர் போன்ற, பாகுத்தன்மை மாறாத திரவத்துக்குத்தான். உடம்பில் உள்ள பல திரவங்கள் அப்படியில்லை. வேகமாகத் தள்ளினால் ஒரு பாகுத்தன்மை, மெதுவாகத் தள்ளினால் வேறொன்று. அங்கே மட்டும் ‘மெதுவாகத் திற, வேகமாக மூடு’ என்ற வித்தை செல்லும்.

தம்பிகளுக்கு ஒரு வார்த்தை

பெரிய பம்பைச் சின்னதாக வரைந்துவிட்டால் சின்ன பம்ப் ஆகிவிடாது. அளவு மாறும்போது விதிகளின் செல்வாக்கும் மாறுகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்குத் தேவைப்பட்டது இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் உள்ள ஸ்டோக்ஸ் விதியும், ரெனால்ட்ஸ் எண்ணும், இரண்டு டம்ளர்களும்தான். புதிதாக ஒரு பக்கம்கூட மனப்பாடம் செய்யவில்லை. ஆகவே அந்த எண்ணை அடுத்த தடவை ரெக்கார்டு நோட்டில் எழுதும்போது 2000த்தோடு நிறுத்திவிடாதீர்கள். புள்ளிக்குப் பின்னால் நாலு பூஜ்யம் போட்டு, அங்கே என்ன நடக்கிறது என்றும் ஒரு நிமிஷம் யோசியுங்கள். கிளிசரின் வாங்க வேண்டுமா? மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு வகுப்பில் வந்து கேளுங்கள். பாதி பாட்டில் இன்னும் மீதி இருக்கிறது.